ஆறு போல்ட்டு, இரண்டு பொட்டு

ஆண்பிள்ளை கடைக்குப் போய் நகப்பூச்சு கேட்டால் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆவடி மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருந்த நாகம்மா மட்டும்தான் அப்படிப் பார்க்கமாட்டாள். "இன்னா சார், ஊட்ல அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று சிரித்துவிட்டு, நல்ல சிவப்பாக ஒரு புட்டியை எடுத்து வைப்பாள். என் மனைவி வசந்தகுமாரி ஆயுளில் நகத்துக்குப் பூச்சு போட்டவள் அல்ல. அது போல்ட்டுகளுக்கு. பெயின்ட் எண்ணெயில் கரைந்துவிடும், நகப்பூச்சு கரையாது. இது நானாகவே கண்டுபிடித்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். முழுத்தாள் பத்து கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவைப்படாது. நான் சுற்றிவளைத்துப் பேசுகிறவன் அல்ல. நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் வந்து இறங்கிய ஜீப்பின் சத்தத்தைக் கேட்டேன். அதில் க்ளட்ச் தேய்ந்துபோயிருக்கிறது. ஓட்டுநர் சும்மா இருக்கும்போதும் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லிவையுங்கள்.

என் பெயர் கலியமூர்த்தி. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன், குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. போல்ட்டை முடுக்கியவன் அதன் தலையில் சிவப்புப் பொட்டு வைப்பான். அதன் பிறகு இன்னொருவன் வந்து, அதே போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் பக்கத்தில் மஞ்சள் பொட்டு வைப்பான். இரண்டு பொட்டும் இல்லாத வண்டி வெளியே போகாது. முடுக்கியவனே சரிபார்க்கக் கூடாது, சரிபார்ப்பவன் முடுக்கக் கூடாது. தளர்ந்திருந்தால் முடுக்கியவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். மனிதன் கண்டுபிடித்த வழக்கங்களிலேயே இதுதான் சிறந்தது என்பது என் கருத்து. கல்யாணத்துக்கும் இப்படி ஒன்று வைத்திருந்தால் பாதிக் குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

எண்பத்து நான்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் போட்டேன். கூடவே வேம்புலியைச் சேர்த்துக்கொண்டேன். அப்போது அவனுக்கு நாற்பது வயது இருக்கும். சேக்காட்டுக்காரன்தான். பாடி என்ற ஊரில் ஒரு லாரிப் பட்டறையில் பதினைந்து வருடம் புரண்டவன். படிப்பு கிடையாது, ஆனால் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தச் சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவான். அதை ஊரே பெரிதாகப் பேசும். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. உள்ளங்கைக்கு அளவு கிடையாது. என்னிடம் டார்க் ரெஞ்ச் இருந்தது, எவ்வளவு முடுக்கியிருக்கிறோம் என்பதை எண்ணிலேயே காட்டும். நான் சிவப்பு, அவன் மஞ்சள் என்று வைத்துக்கொண்டோம். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

ஒரு குறையும் இல்லை என்றால், ஒன்றே ஒன்று. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து ஊதிப் பெரிதாக்குவார்கள். எண்பத்தேழு தீபாவளிக்கு முன்பு ஒரு டாக்டரின் காருக்கு எண்ணெய் மாற்றினேன். அடியில் இருக்கும் எண்ணெய்ப் போல்ட்டைக் கையால் சுழற்றி ஏற்றினேன். ஸ்பேனர் போடுவதற்குள் டீ வந்தது. எழுந்து போய்க் குடித்தேன். திரும்பி வந்து சிவப்பு வைத்துவிட்டேன். அவ்வளவுதான். இதற்கு மறதி என்று பெயர் வைக்க முடியாது. டீ என்று வேண்டுமானால் வைக்கலாம்.

வேம்புலி மஞ்சள் வைக்கப் போனபோது போல்ட்டு சுழன்றிருக்கிறது. வழக்கப்படி என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவன் கூப்பிடவில்லை. தானே முடுக்கிவிட்டு, சத்தமில்லாமல் மஞ்சள் வைத்துவிட்டான். காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த லோகநாதன் இதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, கண்ணாடிய மாத்துங்க. உங்களுக்கு வயசாயிகினே கீது."

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று. வேம்புலி உடனே குறுக்கே வந்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. டீ வந்துச்சு, அண்ணாத்தே எழுந்து போச்சு. அதான்." எனக்கு வக்காலத்து வாங்கினான். அவனை நான் கேட்டேனா? ஒருவன் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிந்து பேசினால் என்ன செய்ய முடியும்? அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

லோகநாதன் யார் என்று சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்துக் குடும்பம். அப்பா நெல் விளைத்த நிலத்தை மனையாக்கி விற்றார், பிள்ளை அந்த மனையை விற்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சை நிறக் கார், சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அதில் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் யாருக்கும் கேடில்லை. அவர் சோழவரத்துப் பந்தயத்துக்குப் போவார். முப்பது வயது. இருட்டினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். எனக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்ன ஆள் இவர்தான்.

எண்பத்தாறில் ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கினார். மூன்று பேர்தான் கடைசிவரை ஓடினார்கள் என்பது வேறு விஷயம். கோப்பையோடு எங்கள் ஷெட்டுக்கு வந்து, அதை வேம்புலி கையில் கொடுத்து, தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு என் ஷெட்டின் சுவரில், என் நாற்காலிக்கு நேர் எதிரே, அவரே ஆணியடித்து மாட்டினார். அதில் நானும் இருக்கிறேன். ஓரத்தில் பாதி முகம். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் தினமும் பார்த்தேன், ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை.

எண்பத்தெட்டு ஜனவரியில் அந்தப் பச்சைக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் வற்றிய பிறகும் ஓட்டியிருக்கிறார். எஞ்சினுக்குள் பேரிங் உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது. க்ளட்ச் அடிபிடித்த குழம்புபோல நாறியது. அடுத்த பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கோத்துத் தர வேண்டும் என்றார்.

கோத்தோம். அந்த ஐந்து வாரம் என் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள், இதை மனதாரச் சொல்கிறேன். கிராங்கைப் பாடிப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினோம். சிலிண்டரைக் குடைந்து ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டோம். வேம்புலி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை தடவித் தேய்த்து உட்காரவைத்தான், ஒரு வாரம் குனிந்த தலை நிமிரவில்லை. பேரிங் இடைவெளியை நான் அளந்தேன். எஞ்சினில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு பொட்டு விழுந்தது. தரையில் நின்ற அந்த எஞ்சினைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்போல இருந்தது.

கடைசியாக க்ளட்ச். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எஞ்சினின் பின்பக்கம் ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுற்றும். க்ளட்ச் அந்தச் சக்கரத்தின் மேல் ஆறு போல்ட்டுகளில் உட்கார்ந்து, கூடவே சுற்றும். பந்தயத்தில் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்குக் குறையாது. அதன் மேல் கியர்பாக்ஸை மாட்டி மூடிவிட்டால் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஓட்டுகிறவரின் கால் இரண்டும் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். நடுவில் இருப்பது மெல்லிய தகரம்.

க்ளட்சை ஏற்றும் நாளில் லோகநாதன் வந்திருந்தார். கால்மேல் கால் போட்டு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"பெரியவரே, அடுத்த தபாவுலேர்ந்து வேம்புலி டைட் பண்ணட்டும். நீங்க மஞ்ச வச்சா போதும். ஒக்காந்துகினே வைக்கலாம்."

வேம்புலி நெளிந்தான். "இன்னா சார் நீ" என்றான். நான் சிரித்தேன். "அடுத்த தடவைதானே, பார்த்துக்கலாம்" என்றேன். லோகநாதன் கிளம்பிப் போனார். அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சிவப்பைத் தூக்கி இவனிடம் கொடுக்கச் சொல்கிறார்களே, இவன் மஞ்சளையாவது ஒழுங்காக வைக்கிறானா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது முதலாளியான என் கடமை அல்லவா? எங்கள் தொழிற்சாலையிலும் எப்போதாவது இப்படி ஒரு சோதனை வைப்பார்கள்.

ஆறு போல்ட்டில் மூன்றை முடுக்கினேன். மூன்றைக் கையால் ஏற்றியதோடு நிறுத்தினேன். ஆறுக்கும் சிவப்பு வைத்தேன். "வேம்புலி, பாத்துடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆறிலும் மஞ்சள் இருந்தது.

"ஆச்சாப்பா?" என்றேன்.

"ஆச்சுண்ணாத்தே. எல்லாம் கரீக்டா கீது."

"ஒண்ணும் லூசா இல்லையே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே, "நீ போட்டது எப்பிடிண்ணா லூசா இருக்கும்" என்றான்.

நீங்களே சொல்லுங்கள், ஐயா. ஆறில் மூன்று தளர்ந்திருக்கிறது, எல்லாம் சரி என்கிறான். இப்படி ஒரு ஆளைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

மறுநாள் நாங்கள் இருவருமாகக் கியர்பாக்ஸை மாட்டினோம். எஞ்சினைக் காரில் இறக்கினோம். முதல் ஸ்டார்ட்டுக்கு வசந்தகுமாரி எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தாள். லோகநாதன் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். சாவியை என்னிடம் நீட்டி, "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க பெரியவரே" என்றார். நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. இரைச்சல் இல்லை, புகை இல்லை. வேம்புலி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுலபமாக அழுகிறவன்.

அப்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் பத்துப் பேர் நடுவில் சொன்னால் வேம்புலிக்குத் தலைகுனிவு. அப்படி ஒருவனை நான் அவமானப்படுத்தியதே கிடையாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. வேம்புலியும் நானும் போயிருந்தோம். லோகநாதனின் மனைவி சுசீலா ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள், சர்க்கரை தூக்கல். முதல் சுற்றிலிருந்தே வண்டி அருமையாகப் போயிற்று. நேர்ச் சாலையில் இரண்டு பேரைத் தாண்டினார். அந்த எஞ்சினின் ஓசையைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் அது என் எஞ்சின் என்று சொன்னேன்.

ஒன்பதாவது சுற்றில் எங்களுக்கு எதிரே வரும்போது ஒரு சத்தம் கேட்டது. கார் நேராகவே கொஞ்ச தூரம் போய், வைக்கோல் கட்டுகளில் மெதுவாக முட்டி நின்றது.

"அண்ணே, இன்னாண்ணே சத்தம் அது?" என்று சுசீலா கேட்டாள்.

"க்ளட்ச்மா" என்றேன்.

எல்லோரும் ஓடினார்கள். வேம்புலிதான் முதலில் போய்ச் சேர்ந்தான். தகரம் கிழிந்திருந்த இடத்தில் கையை விட்டுத் தன் சட்டையால் லோகநாதனின் தொடையை இறுக்கிக் கட்டினான். வீண் வேலை. கட்டுவதற்குக் கீழே அதிகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்போதும் அந்தக் கறுப்புக் கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது. சுசீலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம் என்று பிறகு வசந்தகுமாரி சொன்னாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு எஞ்சின் தெரியும், ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியும், மூன்றாமவருக்கு முதல் இருவரையும் தெரியும். கிடைத்த போல்ட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். மரை கெடவே இல்லை, கழன்றுதான் வந்திருக்கிறது என்றார் எஞ்சின் தெரிந்தவர். சிவப்பு யாருடையது என்றார்கள். என்னுடையது, முடுக்கினேன் என்றேன். மஞ்சள் யாருடையது என்றார்கள்.

வேம்புலி எழுந்து நின்றான். "அண்ணாத்தே மேல ஒண்ணும் இல்லீங்க. கடைசியா கை வச்சது நான்தான்" என்றான்.

கோர்ட்டிலும் அதையேதான் சொன்னான். கவனக்குறைவு என்று எழுதி ஒரு வருடம் கொடுத்தார்கள். நான் சாட்சி சொல்லப் போனபோது, நல்ல வேலைக்காரன், கொஞ்சம் அவசரக்காரன் என்று சொன்னேன். அவனுக்காக நல்லது சொன்னவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்த பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. நான் கூப்பிட்டேன், வரவில்லை. "இந்தக் கையி வேணாம்ணாத்தே" என்றான். சேக்காட்டிலேயே ஒரு இஸ்திரி வண்டி போட்டான். பத்து வருடமாக என் துணிகள் எல்லாம் அவனிடம்தான் போகின்றன. இப்போது நான் போட்டிருக்கும் சட்டையும் அவன் தேய்த்ததுதான். காலரைப் பாருங்கள், ஒரு சுருக்கம் இருக்காது. பழைய மனிதர்களைக் கைவிடுகிற வழக்கம் எனக்கில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமை துணி வாங்கப் போனேன். அவன் இருமிக்கொண்டே இருந்தான். நெஞ்சில் ஏதோ கட்டி என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், நாள் அதிகம் இல்லையாம். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாத்தே, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்காத. அன்னிக்கி அந்த க்ளட்ச்சுல மூணு போல்ட்டு லூசா இருந்துச்சு. நீ மறந்துட்ட. நான்தான் டைட் பண்ணேன். உன்ன கூப்ட்டு காட்டிருக்கணும், அதான் ரூலு. லோகநாதன் சாரு அன்னிக்கித்தான் உன்ன அப்பிடி பேசிட்டு போச்சு, எனுக்கு மனசு வரல. நான் டைட் பண்ணதுதான் பத்தல போல. இத்தினி வருசமா யார்ட்டயும் சொல்லல. உனுக்கு மறதின்னு ஊர் பேசும்ல."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "வயசானா யாருக்கும் மறக்கும்ணா. நீ அத்த நெனச்சிகினு வருத்தப்படாத" என்றான்.

என்னை மன்னித்தான், ஐயா. நாற்பது வருடம் இரும்போடு பழகியவனை, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, மறதிக்காரன் என்று மன்னித்தான். பத்து வருடமாக நான் கொடுத்த ஒவ்வொரு சட்டையையும் அவன் இதை நினைத்துக்கொண்டுதான் தேய்த்திருக்கிறான். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. நான்காம் நாள் உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். அந்தக் க்ளட்சை மாட்டிய மறுநாள் காலை, கியர்பாக்ஸை மாட்டுவதற்கு முன்பு, வேம்புலியை ஜி.பி. ரோட்டுக்கு ஒரு கேஸ்கெட் வாங்கிவர அனுப்பினேன். அவன் போன பிறகு டார்க் ரெஞ்சை எடுத்து ஆறு போல்ட்டையும் சரிபார்த்தேன். ஆறும் கல்லுபோல இருந்தன. எண் பிசகவில்லை. அவன் வெறும் ஸ்பேனரால், கை அளவில் முடுக்கியிருக்கிறான், என் ரெஞ்ச் சொல்லும் அதே எண். நான் வைத்த சோதனையில் அவன் தேறிவிட்டான். தேறியதோடு விடவில்லை. என்னிடம் சொல்லாமல் மறைத்து, மறுபடியும் எனக்குப் பரிந்துகொண்டிருக்கிறான்.

எதிர்ச் சுவரில் அந்தப் போட்டோ இருந்தது. நான் உட்கார்ந்து, ஆறையும் தளர்த்தினேன். மூன்றை அல்ல, ஆறையும். அது கவனக்குறைவு அல்ல. முதல் சுற்றிலேயே கழன்றால் வண்டி வெறுமனே நின்றுவிடும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, பிரித்து மறுபடி முடுக்கிவிடுவார்கள். கழலவே இல்லை என்றால் செய்ததில் அர்த்தமில்லை. எந்தப் போல்ட்டில் எவ்வளவு விட வேண்டும் என்று அரைமணி நேரம் யோசித்துச் செய்தேன். எட்டு சுற்றுத் தாங்கியது. அப்படி ஒரு வேலையை அந்த மூன்று பேரும் கோர்ட்டும் சேர்ந்து வேம்புலியின் கணக்கில் எழுதினார்கள், இப்போது அவனே அதை என் மறதியின் கணக்கில் எழுதுகிறான். இரண்டும் தப்பு.

அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள், சாவதற்கு முன்பு தெரிந்துகொள்ளட்டும். அவன் முடுக்கியது பத்தாமல் போகவில்லை. நான் எதையும் மறக்கவும் இல்லை. என் கண்ணில் கோளாறு கிடையாது, நினைவில் கிடையாது, கையில் கிடையாது. ஆறு போல்ட்டும் நான் நினைத்தபடியேதான் நடந்துகொண்டன. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். வேறு எங்காவது ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.